அடையாளம் கிடைக்கும்வரை காத்திருப்பதா, அடுத்த அடியை வைத்துவிடுவதா?

பேரணாம்பட்டு வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் பேரணாம்பட்டிலிருந்து நாள்தோறும் கம்பெனி பஸ்ஸில் ஆம்பூருக்குச் சென்று, ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்ட என் கணவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். பகலில் அதைச் செய்பவர் என் மாமியார்; அவருக்கே முழங்கால் தேய்ந்துவிட்டது. சென்ற மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் கண்டு படுத்தபோது என் கணவருக்குப் படுக்கைப்புண் வந்து, அது ஆறுவதற்குள் நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

இப்போது ஜோடிக் கூலிக்கு வெளியே வேலை (ஜாப் ஒர்க்) கொடுக்கும் ஒருவர், வீட்டு முன்னறையில் இரண்டு பழைய தையல் மெஷின்களைப் போட்டுக்கொண்டால் தொடர்ந்து அப்பர் வேலை தருவதாகச் சொல்கிறார். வீட்டிலேயே இருந்தால் அவரை நானே பார்த்துக்கொள்ள முடியும். ஆனால் மெஷினுக்குப் பணம் வேண்டும். மகளிர் குழுக் கடன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. மகன் பத்தாம் வகுப்பில் இருக்கிறான். கம்பெனியை விட்டால் மாதச் சம்பளம் நின்றுபோகும்.

எங்கள் ஜெபக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். விசுவாசம் இருந்தால் கணக்குப் பார்க்காமல் இறங்கு என்று சிலர் சொல்கிறார்கள். கர்த்தர் தெளிவாகக் காட்டும்வரை அசையாதே என்று சிலர் தடுக்கிறார்கள். இன்றும் அம்மன் கோயிலுக்குப் போய்வரும் என் மாமியார் பூப்போட்டுப் பார்த்துவிட்டு, நினைத்த பூவே வந்தது, தைரியமாகப் போ என்கிறார். எனக்குப் புத்தாண்டு ஆராதனையில் கிடைத்த வாக்குத்தத்த அட்டையிலோ காத்திருக்கச் சொல்லும் வசனம் இருக்கிறது. கடவுளை நம்புவது என்றால் இந்த நிலைமையில் நான் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பெரியவர்கள் சொல்லுங்கள். தைரியமாக இருங்கள் என்ற ஒற்றை வரி ஆறுதல் எனக்கு வேண்டாம். அது நிறையக் கிடைத்துவிட்டது.

விண்ணமங்கலம் கணக்கர் எழுதியது:

சகோதரி, நான் தோல் பொருள் ஏற்றுமதி நிறுவனங்களின் கணக்கு எழுதுகிறவன். எனக்குக் கடவுள் நம்பிக்கை குறைவு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்கள் கேள்வியில் கணக்குக்கு உரிய பகுதி ஒன்று இருக்கிறது.

உங்கள் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடித்தம் இருந்தால், உங்கள் கணவரின் மருத்துவமும் அதில்தான் அடங்கியிருக்கும். வேலையை விட்டால் அந்தப் பாதுகாப்பு உடனே போகாது. கட்டிய பிடித்தத்துக்கு உரிய பயன்பெறும் காலம் முடியும்வரை இருக்கும். அதற்குப் பின் இல்லை. புண், சிறுநீர்த் தொற்று என்று ஆண்டுக்கு எத்தனை முறை மருத்துவமனைக்குப் போகிறீர்கள் என்பதை நினைத்துப் பார்த்துவிட்டு, அந்தச் செலவை மெஷின் விலையோடு சேர்த்து எழுதுங்கள். இரண்டாவது, பணிக்கொடை. ஒரே நிறுவனத்தில் ஐந்தாண்டு தொடர்ந்து வேலை செய்தவர் விலகும்போது, ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்ற கணக்கில் அது கிடைக்கும். உங்களுக்கு எத்தனை ஆண்டு ஆயிற்று? மூன்றாவது, வீட்டு மின் இணைப்பில் தொழில் நடத்தினால் கட்டண வகையை மாற்றச் சொல்வார்கள். அதையும் முன்கூட்டியே மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

கணக்குப் பார்க்காமல் இறங்கு என்று சொன்னவர்களில் எத்தனை பேர் உங்கள் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட முன்வந்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறது.

பேரணாம்பட்டு வாசகி எழுதியது:

ஐயா, ஐந்தாண்டு நிறைவதற்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. பணிக்கொடையைப் பற்றி எனக்கு யாரும் சொன்னதில்லை. ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டு. ஜாமீன் கேட்கும் அளவுக்கு நான் யாரிடமும் போகவில்லை.

ஆனால் உங்கள் பதிலைப் படித்ததும் எனக்கு வேறொரு பயம் வருகிறது. இப்படி ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்த்தால் எந்த நாளிலும் புறப்பட முடியாது. பணிக்கொடைக்காகக் காத்திருந்தால் பிறகு பையனின் பரீட்சை வரும், அதன் பிறகு வேறொன்று வரும். காத்திருப்பதை நான் விசுவாசம் என்று சொல்லிக்கொண்டாலும், உள்ளே இருப்பது வெறும் அச்சமோ என்று தோன்றுகிறது.

பாகாயம் ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

தங்கச்சி, அச்சம் இருப்பதைப் பற்றி வருத்தப்படாதே. முதுகுத்தண்டு அடிபட்டவர்களோடு நெடுங்காலம் இருந்தவள் என்பதால் சில செய்திகளைச் சொல்கிறேன்.

வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் குறைவு. ஆனால் அவருடைய கதையை நாம் சொல்லும் முறை சரியில்லை என்பது என் கருத்து. 1954இல் நடந்த வாகன விபத்தில் அவருக்கு முகத்தில் காயம், இடுப்புக்குக் கீழே செயலிழப்பு. மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்றிருந்த இளம் மருத்துவர் அவர். விழா மேடைகளில் அந்த இடத்திலிருந்து ஒரே தாவாகத் தாவி, பாகாயத்தில் 1966இல் மறுவாழ்வு நிலையம் திறந்ததையும் 1972இல் பத்மஸ்ரீ வாங்கியதையும் சொல்லிக் கைதட்டுகிறார்கள். இடையில் பன்னிரண்டு ஆண்டுகள் இருக்கின்றனவே, அவற்றில் என்ன நடந்தது? முதலில் உட்காரக் கற்றுக்கொண்டார். தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்துகொண்டிருந்த டாக்டர் பால் பிராண்ட், கையில் செய்யும் அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாமே என்ற யோசனையைச் சொன்னார். சக்கர நாற்காலியில் இருந்தபடி அதைக் கற்றார். அதன் பிறகுதான் மறுவாழ்வு மருத்துவம் படிக்க வெளிநாடு போனார். விபத்து நடந்த ஆண்டில் யாராவது அவரிடம் வந்து, நீ ஒரு நிலையம் தொடங்கப் போகிறாய் என்று சொல்லியிருந்தால் அவரால் அதைத் தாங்கியிருக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகமே. அன்றைக்கு அவர் முன் இருந்த வேலை, சாயாமல் உட்காருவது.

இதை உன் வீட்டுக்குக் கொண்டுவருகிறேன். நீ எழுதியதில் உன் கணவர் புரட்டப்பட வேண்டியவராக மட்டும் வருகிறார். அவருடைய கைகள் நன்றாக இருக்கின்றன அல்லவா? முதுகுக்கு அண்டை கொடுத்து உட்கார முடிந்தால், தைத்த அப்பரில் நூல் வெட்டுவது, ஜோடி எண்ணிக் கட்டுவது, வந்த எண்ணிக்கையும் போன எண்ணிக்கையும் நோட்டில் எழுதுவது எல்லாம் அவரால் முடியும். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். நூல் முனையை லைட்டரால் சுடும் வேலையை அவர் மடியில் வைத்துச் செய்யக் கூடாது. தொடையில் உணர்வு இல்லாதவருக்குச் சூடுபட்டாலும் தெரியாது. தோல் கருகிய பிறகுதான் கண்ணில் படும். உயரமான பலகையில் வைத்துச் செய்யட்டும். அடுத்தது, உட்கார்ந்திருக்கும்போது கால் மணி நேரத்துக்கு ஒருமுறை கைகளை ஊன்றிப் பிட்டத்தைத் தூக்கிச் சிறிது நேரம் அப்படியே வைத்திருந்து அவர் இறக்க வேண்டும். வேலையில் கவனம் போனால் இதைத்தான் முதலில் மறப்பார்கள்; மீண்டும் புண் வரும். கடிகாரத்தில் மணி அடிக்கும்படி வைத்துவிடு.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கியாயிற்றா? முதுகுத்தண்டுப் பாதிப்புக்குப் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு நாளில் போய்க் கொடு.

மேல்விஷாரம் மாணவன் எழுதியது:

அக்கா, எங்கள் மார்க்கத்தில் இதற்கு நெருக்கமான ஒரு நபிமொழி உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவைத்து இறைவனை நம்புவதா, கட்டாமல் விட்டுவிட்டு நம்புவதா என்று ஒருவர் கேட்டபோது, முதலில் கட்டு, பிறகு நம்பு என்று நபிகள் நாயகம் (ஸல்) பதில் சொன்னதாகத் திர்மிதி தொகுப்பில் வருகிறது. தவக்குல் என்று நாங்கள் சொல்லும் இறைநம்பிக்கையில் கயிறும் அடக்கம்.

அடையாளத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். முடிவெடுக்க முடியாதபோது இஸ்திகாரா என்ற தொழுகையைத் தொழுவோம். அதற்குப் பிறகு கனவில் பச்சை தெரிந்தால் சரி, சிவப்பு தெரிந்தால் வேண்டாம் என்று எங்கள் ஊரிலும் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் மார்க்க ஆசிரியரான ஹஜ்ரத் அதைக் கண்டிப்பார். அறிந்தவர்களிடம் கலந்து பேசிவிட்டு, தொழுதுவிட்டு, சரியென்று படும் காரியத்தைத் தொடங்கு. அதில் உனக்கு நன்மை இருந்தால் அல்லாஹ் எளிதாக்குவான், இல்லையென்றால் அதை உன்னை விட்டுத் திருப்பிவிடுவான், அந்தத் தொழுகையில் நாம் கேட்பதே அதுதான் என்பார். கனவு வரவில்லையே என்று உட்கார்ந்திருக்க அதில் இடமே இல்லை.

சேண்பாக்கத்தான் எழுதியது:

பூப்போட்டுப் பார்ப்பதை இங்கே யாரும் இளக்காரமாக எழுதவில்லை என்பதில் மகிழ்ச்சி. நானும் பார்க்கிறவன்தான். ஆனால் அந்தப் பெரியம்மாவைப் பற்றி ஒன்று சொல்கிறேன். முழங்கால் தேய்ந்த நிலையில் மகனைப் புரட்டிக்கொண்டிருக்கிற தாய், மருமகள் வீட்டோடு இருந்தால் தேவலை என்று எத்தனை நாளாக நினைத்திருப்பார்! தன் வாயால் கேட்கக் கூச்சப்பட்டு அம்மனைக் கேட்கச் சொல்லியிருக்கிறார். பூவை நம்புகிறீர்களோ இல்லையோ, அவருடைய முழங்காலை நம்புங்கள். அதைவிடப் பெரிய அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

காட்பாடி உபதேசியார் எழுதியது:

அன்புச் சகோதரிக்கு, கிராமச் சபைகளில் ஊழியம் செய்கிறவன் என்ற முறையில், உங்கள் ஜெபக் கூட்டத்தார் சொன்ன இரண்டு ஆலோசனைகளையும் வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். இரண்டிலும் பாதிதான் இருக்கிறது.

கணக்குப் பார்க்காமல் இறங்கு என்பவர்கள் பெரும்பாலும் இஸ்ரவேல் ஜனங்களை யோசுவா யோர்தான் ஆற்றைக் கடக்கச் செய்ததைக் காட்டுவார்கள். ஆசாரியர்களின் கால்கள் தண்ணீரின் ஓரத்தில் பட்ட பிறகே ஆறு நின்றது என்பது உண்மை. (பாலாற்றை மணலில் நடந்தே கடந்து பழகிய நமக்கு அந்தக் காட்சி எளிதில் பிடிபடாது, 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு வெள்ளம் போனதைப் பாலத்தின் மேலிருந்து பார்த்தவர்களுக்கு ஓரளவு விளங்கும். யோர்தானும் அப்போது அறுப்புக் காலத்து வெள்ளத்தில் கரைபுரண்டுதான் ஓடியது.) ஆனால் அதே புத்தகத்தின் முதல் அதிகாரத்தில், மூன்று நாளைக்குள் ஆற்றைக் கடக்கப் போகிறீர்கள், வழிக்கு உணவை ஆயத்தம்பண்ணுங்கள் என்று யோசுவா ஜனங்களுக்குச் சொல்லியனுப்புகிறார். இரண்டாம் அதிகாரத்தில் ஒற்றர்களை அனுப்பி எரிகோவைப் பார்த்துவரச் சொல்கிறார். தேவன் வாக்குக் கொடுத்துவிட்டாரே, ஒற்றர் எதற்கு, கட்டுச்சோறு எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று சொன்னவரும் நம் ஆண்டவரே. கணக்கர் ஐயா நம்பிக்கை குறைந்தவர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டாலும், அவர் எழுதியதில் பெரும்பகுதி லூக்கா பதினான்காம் அதிகாரத்துக்கு உடன்பாடானதுதான்!

காட்டும்வரை அசையாதே என்பவர்கள், போருக்குப் போகும்முன் தேவனிடம் அடையாளம் கேட்ட கிதியோனின் ஆட்டுத்தோலைக் காட்டுவார்கள். தோல் நனைந்து தரை காய்ந்திருக்க வேண்டும், மறுநாள் தரை நனைந்து தோல் காய்ந்திருக்க வேண்டும் என்று அவர் கேட்டது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதற்கு முன்பு நடந்ததை யாரும் பேசுவதில்லை. தன் தகப்பன் வைத்திருந்த, பாகால் என்ற வேற்றுத் தெய்வத்தின் பலிபீடத்தை இடித்துப்போடு என்ற கட்டளை முதலில் வந்தது. வீட்டாருக்கும் ஊராருக்கும் பயந்து பகலில் செய்யத் துணியாமல், வேலைக்காரரில் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு இரவிலே போய் அதை இடித்தார் கிதியோன். பயந்தபடியே செய்தார், அது கீழ்ப்படிதலாகவே எண்ணப்பட்டது. போர்க்களம் பிறகு வருகிறது. முதல் வேலை தன் வீட்டு வாசலில், தன் கைக்கு எட்டியதாக இருந்தது.

ஆகையால் பயத்தோடு இருப்பதால் விசுவாசம் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். வேலையை விடுவதா வேண்டாமா என்ற பெரிய கேள்விக்கு இன்று பதில் தெரியாவிட்டாலும், இன்றைக்குச் செய்ய வேண்டியது எது என்பது உங்களுக்குத் தெரியாமல் இல்லை. உதவித்தொகை மனு, மின்வாரியத்தில் விசாரிப்பு, வேலை கொடுப்பவரிடம் நேர்ப்பேச்சு ஆகியவை கைக்கு எட்டியவை. அவற்றைச் செய்துகொண்டே காத்திருப்பதற்கும், ஒன்றும் செய்யாமல் அட்டையைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பதற்கும் வேறுபாடு மிகுதி. முதல் வகைக் காத்திருப்பில் சில மாதங்கள் போவதை அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், அந்த மூன்று நாள் கட்டுச்சோற்றை எடுத்துச் சொல்லுங்கள்.

விண்ணமங்கலம் கணக்கர் எழுதியது:

உபதேசியார் என்னை லூக்காவில் சேர்த்துவிட்டார், நன்றி. இருந்தாலும் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. யோர்தான் நின்றது, மேரி வர்கீஸ் வென்றார் என்று முடிவு நன்றாக வந்தவற்றையே நாம் சொல்கிறோம். கடவுளை நம்பி அடியெடுத்து வைத்து, கடனில் மூழ்கி, தண்டல்காரருக்குப் பயந்து இரவோடு இரவாக ஊரைவிட்டுப் போன குடும்பங்களையும் நான் ஆம்பூரில் அறிவேன். அவர்களை யாரும் மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்லவைப்பதில்லை. அவர்களுக்கு நம்பிக்கை போதவில்லை என்பதா?

ராணிப்பேட்டை ஆசிரியை எழுதியது:

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. எபிரெயர் நிருபத்தின் பதினோராம் அதிகாரத்தை முழுவதும் வாசித்தால், சிங்கங்களின் வாயை அடைத்தவர்களும் வாளால் வெட்டுண்டவர்களும் ஒரே பட்டியலில் வருகிறார்கள். வாக்குத்தத்தம் பண்ணப்பட்டதை அடையாமற்போனவர்கள் என்றே அது முடிகிறது. ஊரைவிட்டுப் போனவர்களுக்கு நம்பிக்கை போதவில்லை என்று சொல்பவர் அந்த அதிகாரத்தின் பின்பாதியைப் படிக்காதவர்.

எங்கள் ஊரில் பிறந்து வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கட்டரின் வரலாற்றையும் இதற்காகவே சொல்கிறேன். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் பெண்களைப் பார்க்கப் பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்டதும், அவர் மருத்துவர் இல்லாததால் போக முடியாமல் மூவரும் இறந்ததும் எல்லோரும் அறிந்தது. அந்த மூன்று பெண்களுக்கு எந்த ஆறும் நிற்கவில்லை. அவருடைய அழைப்பு தொடங்கியதே அங்கேதான். 1899இல் பட்டம் பெற்று 1900இல் வேலூருக்கு வந்தார்; உடனிருந்து தொழிலைக் கற்றுத்தர வேண்டிய, மருத்துவரான தந்தை அதே ஆண்டில் இறந்தார். தனியாகச் சிறிய மருந்தகத்தில் தொடங்கி, 1902இல் மருத்துவமனை, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என்று போனது. எழுபதை நெருங்கும் வயதில், அந்தப் பள்ளி தரும் சான்றிதழ் இனிச் செல்லாது, பல்கலைக்கழகப் பட்டப்படிப்பாக மாற்ற வேண்டும் என்று அரசு விதி வந்தது. அத்தனை ஆண்டு உழைப்பும் போயிற்று என்று நினைக்கும் நிலை. மறுபடியும் பணம் திரட்ட அமெரிக்காவுக்குப் போனார். தடை ஒருமுறை வந்து விலகிவிட்டதாக அந்த வரலாற்றில் எங்கும் இல்லை.

கணக்கர் ஐயாவுக்கு என் பதில் இவ்வளவுதான்: அடி வைத்தவருக்கு வெற்றி கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. ஆகவே ஓர் அடி தவறினால் மொத்தக் குடும்பமும் விழுந்துவிடும்படியான அடியை இந்தச் சகோதரிக்கு யாரும் பரிந்துரைக்கக் கூடாது. அதுவும் பிறர் வீட்டுப் பணத்தில் விசுவாசத்தைச் சோதித்துப் பார்ப்பது எனக்குச் சற்றும் பிடிக்காத பழக்கம்.

நெறியாளர்:

ஒன்றிரண்டு மதப் பிரசாரப் பதிவுகளும் கடன் நிறுவன விளம்பரம் ஒன்றும் நீக்கப்பட்டன. கேள்வி கேட்டவருடைய நிலைமையை ஒட்டியே எழுதுங்கள்.

பேரணாம்பட்டு வாசகி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரவில் என் கணவருக்கும் அத்தைக்கும் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். முழங்காலைப் பற்றிய பகுதி வந்தபோது அத்தை எழுந்து உள்ளே போய்விட்டார். பிறகு வந்து, காலையில் வெந்நீர் ஒத்தடம் கொடு என்று மட்டும் சொன்னார். இவ்வளவு நாளில் அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி அது.

நாங்கள் பேசி முடிவு செய்தது இது. ஐந்தாண்டு நிறையும்வரை நான் கம்பெனியை விடவில்லை. மெஷின் இப்போது வாங்கப் போவதில்லை. மெஷின் தேவைப்படாத, கையால் தைக்கும் அப்பர் வேலை இங்கே பல வீடுகளில் நடக்கிறது. அதில் சிறு அளவு மட்டும் தரச் சொல்லி அந்த மனிதரிடம் கேட்டேன். மாலையில் நான் தைக்கிறேன், பகலில் என் கணவர் நூல் வெட்டி எண்ணிவைப்பார். லைட்டருக்குப் பலகை அடித்தாயிற்று. பக்கத்துத் தெருவில் கணவரை இழந்த ஒரு பெண், பகலில் வந்து அவரைப் புரட்டிவிட அத்தைக்குக் கைகொடுப்பதாகவும், அதற்கு ஈடாக எங்கள் வேலையில் பங்கு கொடுத்தால் போதும் என்றும் சொல்லியிருக்கிறார். இவரைப் பற்றி நான் ஜெபிக்கவே இல்லை. வேலை கேட்டு அவராகவே வந்தார். திங்கட்கிழமை சத்துவாச்சாரிக்குப் போக விடுப்புச் சொல்லியிருக்கிறேன்.

பயம் போகவில்லை. உபதேசியார் ஐயா எழுதியதுபோல் இரவிலே இடிக்கிற ஆள்தான் நானும். அந்த மனிதர் வருகிற சனிக்கிழமை முதலாவது அப்பர் கட்டைக் கொண்டுவருவதாகச் சொல்கிறார். அவரிடம் முன்கூட்டியே என்னென்ன பேசிக்கொள்ள வேண்டும்?

விண்ணமங்கலம் கணக்கர் எழுதியது:

ஜோடிக்கு எவ்வளவு கூலி என்பதை அவர் கையால் உங்கள் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். நூலும் ஊசியும் யார் செலவு, கழிவு என்று திருப்பியனுப்பும் ஜோடிக்குக் கூலி பிடிப்பாரா, பிடித்தால் எவ்வளவு என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். பணம் வாரக் கடைசியிலா, மாதக் கடைசியிலா என்று கேளுங்கள். மாதக் கடைசி என்றால் முதல் மாதத்துக்கு மட்டுமாவது வாரக் கணக்காகக் கேட்டுப் பாருங்கள், புதியவர்களுக்குச் சிலர் ஒத்துக்கொள்வார்கள். அப்பர் கட்டை அவர் உங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போகவிடாமல், உங்கள் கணவர் எண்ணி முடிக்கும்வரை அவரை நிற்கச் சொல்லுங்கள். இடது, வலது இரண்டையும் தனித்தனியே எண்ண வேண்டும். ஒரு பக்கம் குறைந்தால் ஜோடியே கணக்கில் வராது. முன்பணம் என்று ஏதாவது கேட்டால் கொடுக்காதீர்கள். வேலை வாங்குகிறவர் உங்களுக்குத் தர வேண்டுமே தவிர, நீங்கள் அவருக்குத் தர வேண்டிய பணம் எதுவும் இல்லை.